விண்ணேறிய ‘கலை அரசி’

ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை எழுதுவோர் சுரங்கத்தின் வரலாற்றையோ, சங்கம் வளர்ந்த வரலாற்றையோ, தமிழின் தொன்மையையோ எடுத்துக் கொள்வது நம் மரபு. இவ்வாண்டு நாம் ஒரு திரைப்படத்தின் வரலாற்றை எழுதத் துணிந்துள்ளோம். பெரியோர்கள் இதனை விளையாட்டு என்று எண்ணாமல் இறுதிவரை படித்தருள வேண்டுகிறோம். இவ்வாறு எழுத நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு.

சென்ற ஆண்டு விழாவில் இளைஞர்களுக்கான வினா விடைப் போட்டி நடைபெற்றது. விண்வெளிப் பயணத்தைக் காட்டிய முதல் தமிழ்ப்படம் எது என்று ஒரு கேள்வி. 2018ஆம் ஆண்டில் வெளிவந்த ‘டிக் டிக் டிக்’ என்று ஒரு மாணவர் விடையளித்தார். அந்தப் படம் இந்தியாவின் முதல் விண்வெளிப் படம் என்றே விளம்பரம் செய்யப்பட்டதாதலால் நடுவரும் மதிப்பெண் வழங்கினார். அப்பொழுது பின்வரிசையிலிருந்து ஒரு முதியவர் எழுந்து, “இல்லை, தம்பி. அதற்கு ஐம்பத்தைந்து வருஷம் முன்னாலேயே எம்.ஜி.ஆர். போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டார்” என்றார். அரங்கம் சிரித்தது. முதியவர் ஏதோ கனவைச் சொல்கிறார் என்றே பலரும் நினைத்தனர். அவர் மேற்கொண்டு ஒன்றும் பேசாமல் அமர்ந்துவிட்டார்.

அம்முதியவர் எம் தந்தையார். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. அடுத்த தை மாதத்தில் அவர் மறைந்தார். அன்று அந்த அரங்கில் அருகிலேயே அமர்ந்திருந்தும் அவருக்குத் துணையாக எழுந்து பேசாத குறை எம்முடையது. அக்குறையை இப்பக்கங்களில் தீர்த்துக் கொள்கிறோம்.

அவர் குறிப்பிட்ட படம் ‘கலை அரசி’. 1963ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வெளிவந்தது. இயக்கியவர் ஏ. காசிலிங்கம். இவர் 1950இல் ‘மருதநாட்டு இளவரசி’யையும், அதே 1963இல் ‘காஞ்சித் தலைவன்’ படத்தையும் இயக்கியவர். கதாநாயகர் எம்.ஜி.ராமச்சந்திரன். கதாநாயகி பி.பானுமதி. இசை கே.வி.மகாதேவன். வேற்றுக் கிரகத்திலிருந்து வருகின்ற தின்னா என்னும் பாத்திரத்தில் எம்.என்.நம்பியாரும், அக்கிரகத்து இளவரசியாக ராஜஸ்ரீயும் தோன்றினர். வேற்றுக் கிரகத்து மக்களைத் திரையில் காட்டிய முதல் இந்தியப் படம் இதுவே என்று திரைப்பட வரலாறு எழுதுவோர் குறிப்பிடுகின்றனர்.

கதையைச் சுருங்கச் சொல்வோம். செல்வர் வீட்டுப் பெண் வாணி இசையிலும் நடனத்திலும் தேர்ந்தவள். அவள் மோகன் என்னும் விவசாயியை விரும்புகிறாள். அவளுடைய சொத்தின் மீது கண் வைத்த உறவினன் கண்ணன் அவளை மணக்கத் திட்டமிடுகிறான். இஃது இவ்வாறிருக்க, வேறொரு கிரகத்தில் விஞ்ஞானத்தில் மிக முன்னேறிய மக்கள் வாழ்கிறார்கள். இயந்திரங்களில் அவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் பாட்டும் ஆட்டமும் அறியார். தங்கள் இளவரசிக்குக் கலை பயிற்றுவிக்கப் பூமியிலிருந்து ஒருவரைக் கொண்டுவர வேண்டும் என்று முடிவு செய்கின்றனர். தின்னா பறக்கும் தட்டில் வந்து வாணியைத் தூக்கிச் செல்கிறான். பூமியிலோ, அவளைப் போன்றே உருவமுள்ள, மனநலம் குன்றிய வள்ளி என்னும் பெண் ஒருத்தியால் ஆள் மாறாட்டக் குழப்பம் எழுகின்றது. மோகன் அக்கிரகத்தை அடைந்து, கோமாளியாக நடித்து, வாணியை மீட்டுக்கொண்டு பூமிக்குத் திரும்புகிறான்.

ஆகவே இது விஞ்ஞானக் கதை மட்டுமன்று. குற்றக் கதையும் ஆகும். பெண்ணைக் கடத்துதல், சொத்துக்கு ஆசைப்படுதல், ஆள் மாறாட்டம் என்று அக்காலத்துத் துப்பறியும் நாவல்களில் நாம் கண்ட குற்றங்கள் யாவும் இதில் உள்ளன. குற்றவாளி வந்து போகும் வாகனம் மட்டுமே புதிது.

இதன் சிறப்பை அறிய வேண்டுமானால் அக்காலத்தை நினைவிற் கொள்ள வேண்டும். சந்திரனுக்குச் செல்வதைத் திரையில் முதலிற் காட்டியவர் பிரெஞ்சு நாட்டு ஜார்ஜ் மெலியே. ஆண்டு 1902. சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து நம் தங்கவயலுக்கு மின்சாரம் வந்து சேர்ந்ததும் அதே 1902 என்பது நாம் மகிழத்தக்க ஒற்றுமை. 1950க்குப் பின் அமெரிக்காவில் பறக்கும் தட்டுப் படங்கள் பெருகின. அவற்றுட் பல மிகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்டவை. நம் நாட்டில் 1952இலேயே சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம், வில்லியம் பெர்க் என்னும் அமெரிக்க இயக்குநருடன் கூட்டுச் சேர்ந்து ‘காடு’ என்ற படத்தை வெளியிட்டார். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன சடை யானைகள் இந்தியக் காட்டில் உயிரோடு இருப்பதாகக் கதை. 1957இல் இந்தியில் அசோக் குமார் நடித்த ‘மிஸ்டர் எக்ஸ்’ வந்தது. அதில் மனிதன் கண்ணுக்குப் புலப்படாமல் மறைகிறான். ஆயினும் இவையெல்லாம் பூமியிலேயே நிகழ்ந்த கதைகள். பூமியை விட்டு வெளியே சென்று வந்தது ‘கலை அரசி’.

1961 ஏப்ரலில் யூரி ககாரின் விண்ணில் பூமியைச் சுற்றி வந்தார். அவ்வாண்டிறுதியில் அவர் இந்தியாவுக்கும் வருகை புரிந்தார். 1962இல் வங்கத்து சத்யஜித் ரே, சிற்றூர் ஆசிரியர் ஒருவர் வேற்றுக் கிரகத்தவரைச் சந்திப்பதாக ஒரு சிறுகதையைச் ‘சந்தேஷ்’ என்னும் சிறுவர் இதழில் எழுதினார். 1967இல் அதே கருத்தைக் கொண்டு ஹாலிவுட்டில் படம் எடுக்க அவர் முயன்றார். அம்முயற்சி கைகூடவில்லை. உலகப் புகழ் பெற்ற மேதைக்கே எட்டாமற்போன ஒரு காரியத்தை, நான்கு ஆண்டுகளுக்கு முன்பே நம் கோடம்பாக்கத்தார் தமக்குக் கிடைத்த கருவிகளைக் கொண்டு செய்து முடித்துவிட்டனர் என்பதை எண்ணிப் பாருங்கள். இரண்டையும் தரத்தில் ஒப்பிடுவது எம் நோக்கமன்று. துணிவை மட்டுமே சுட்டுகிறோம்.

மற்றொரு செய்தியும் உண்டு. நம் நாடு தன் மண்ணிலிருந்து முதல் ராக்கெட்டை விண்ணில் ஏவியது 1963 நவம்பர் 21ஆம் நாள். திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில், ஒரு மாதா கோயிலை அலுவலகமாகக் கொண்டு, ராக்கெட்டின் உறுப்புகளைச் சைக்கிளில் எடுத்துச் சென்று அவ்வேலையைச் செய்தார்கள். அந்த இளைஞர் குழுவில் இராமேசுவரத்து அப்துல் கலாமும் ஒருவர். ஆக, முதல் ராக்கெட் எழும்புவதற்கு ஏழு மாதங்களுக்கு முன்பே தமிழ்த் திரையில் ஒரு விவசாயி விண்வெளி சென்று திரும்பிவிட்டான்! கற்பனை முந்திச் செல்வதும், காரியம் பின்தொடர்வதும் உலக இயல்பு அன்றோ?

இனி, படத்தின் நிறைகளைப் பார்ப்போம்.

முதலாவது, சிக்கனத்திற் பிறந்த திறமை. அந்நாளில் நம் ஸ்டூடியோக்களில் கணிப்பொறி கிடையாது. சிறிய மாதிரி உருவங்கள், தீட்டிய பின்னணித் திரைகள், ஒரே படச்சுருளை இருமுறை ஓட்டிப் பதிவு செய்யும் தந்திரம் ஆகியவையே கைவசம் இருந்தவை. ஆனால் இவற்றைக் கையாளுவதில் நம்மவர்க்கு நெடுநாட் பயிற்சி உண்டு. புராணப் படங்களில் தேவரை வானத்தில் பறக்க வைத்தவர்கள் அவர்கள். 1951இல் ‘பாதாள பைரவி’, 1957இல் ‘மாயா பஜார்’ ஆகிய படங்களில் மார்க்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவு செய்த விந்தைகளை நம் வீட்டுப் பெரியோர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். ‘கலை அரசி’யின் பறக்கும் தட்டு அந்தப் புஷ்பக விமானத்தின் வழியில் வந்ததே. மந்திரம் இருந்த இடத்தில் இயந்திரத்தை வைத்ததுதான் இதன் புதுமை. தெய்வத்தின் அருளால் நிகழ்ந்தது என்று சொல்லி வந்ததை, அறிவால் நிகழ்வது என்று மாற்றிச் சொன்னது சிறிய மாற்றமன்று.

இரண்டாவது, பானுமதியின் இரட்டை வேடம். தமிழில் இரட்டை வேடம் 1940இல் பி.யு.சின்னப்பா நடித்த ‘உத்தமபுத்திரன்’ முதல் தொடங்குகிறது. காமிராவின் ஒரு பாதியை மறைத்து ஒரு முறையும், மறு பாதியை மறைத்து மறு முறையும் படம் பிடித்து இருவரையும் ஒரே சட்டத்துள் நிறுத்துவார்கள். கருவி செய்யக்கூடியது அவ்வளவே. மீதியை நடிப்பே செய்ய வேண்டும். கல்வியும் கலையும் நிறைந்த வாணி ஒருபுறம், பேதைமை நிறைந்த வள்ளி ஒருபுறம் என்று வேறுபடுத்திக் காட்டும் சுமை நடிகையின் மீது விழுகிறது. பானுமதி பாடகி, இசை அறிந்தவர், 1953இலேயே ‘சண்டிராணி’யை இயக்கியவர். ஒரு கிரகமே தேடி வருமளவுக்குக் கலை வல்ல பெண் என்றால் பார்ப்பவர் நம்ப வேண்டுமே! அந்நம்பிக்கையைத் தரக்கூடியவர் அன்றைய நடிகையருள் அவர் ஒருவர் எனின் மிகையாகாது.

மூன்றாவது நிறையே எம்மை மிகவும் கவர்ந்தது. இப்படத்தில் குற்றவாளிகள் இருவர். கண்ணன் பூமியில் இருக்கிறான். தின்னா விண்ணிலிருந்து வருகிறான். முன்னவன் வாணியின் சொத்தை விரும்புகிறான்; பின்னவன் அவளுடைய கலையை விரும்புகிறான். ஒருவன் படிப்பில் குறைந்தவன் என்றும், மற்றவன் விஞ்ஞானத்தில் உயர்ந்தவன் என்றும் நாம் வேறுபாடு கற்பிக்கலாம். ஆனால் “அம்மா, உனக்கு விருப்பமா?” என்று அவளைக் கேட்டவர் இருவருள் ஒருவரும் இல்லை. எத்துணை பெரிய இயந்திரத்தில் ஏறி வந்தாலும், கேளாமல் எடுப்பது திருட்டே என்பதை இக்கதை நமக்கு உணர்த்துகிறது. விஞ்ஞானம் வளர்ந்தால் ஒழுக்கமும் தானே வளர்ந்துவிடும் என்று நம்புவோர்க்கு இது ஒரு நல்ல மருந்து.

நான்காவது, அந்த இயந்திர உலகத்துள் மோகன் நுழைவது வீரனாக அன்று, கோமாளியாக. எம்.ஜி.ஆர். வாள் வீசித் தோன்றிய படங்களைப் பார்த்துப் பழகியவர்கட்கு இது வியப்பாக இருந்திருக்கும். கலை இல்லாத ஊரில் சிரிக்க வைப்பவனுக்குக் கதவு திறக்கிறது என்பது எவ்வளவு பொருத்தமான கற்பனை!

குறைகளையும் மறைக்காமல் சொல்லுவதே வரலாறு எழுதுவோர் கடமை. விண்வெளி விஞ்ஞானம் என்ற அளவில் இப்படம் தேர்வில் மிகக் குறைந்த மதிப்பெண்ணே பெறும். வேற்றுக் கிரகத்தார் யாவரும் தெளிவான தமிழ் பேசுகிறார்கள். இதற்கு நம் சங்கத்தினர் பெருமைப்படலாமே தவிர, விஞ்ஞானிகள் ஒப்பார். வள்ளியின் பாத்திரம் எம்மை வருத்துகிறது. மனநலம் குன்றிய ஒரு பெண்ணைக் கதையின் குழப்பத்துக்குக் கருவியாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அவளுடைய துன்பத்தை யாரும் தனியே நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. அக்காலத்துப் படங்கள் பலவற்றிலும் காணப்படும் குறை இது. வாணியைக் கேளாமல் எடுத்தவர்களைக் குற்றவாளி என்ற கதை, வள்ளியைத் தானே கேளாமல் எடுத்துக்கொண்டது. இதனை இன்றைய நம் பிள்ளைகள் எளிதில் கண்டுகொள்வார்கள். கண்டுகொள்வது நன்றே.

தங்கவயல் தமிழ்ச் சங்க மலருக்கு இப்படம் எவ்வாறு உரியதாகும் என்று அன்பர்கள் கேட்கலாம். சொல்லுகிறோம்.

1963இல் எம் தந்தையாருக்குப் பதினெட்டு வயது. வட ஆர்க்காட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பத்தில் மூன்றாந் தலைமுறையாகச் சுரங்கத்தில் இறங்கத் தொடங்கியிருந்தார். சுரங்கங்கள் அதற்கு முந்திய 1962ஆம் ஆண்டில்தான் மைசூர் அரசிடமிருந்து மத்திய அரசின் பொறுப்புக்கு மாறியிருந்தன. இரவு ஷிப்டு முடித்து, குளித்து, உறங்காமலே நண்பர்களுடன் ராபர்ட்சன்பேட்டைக்கு நடந்து சென்று அப்படத்தைப் பார்த்ததாகச் சொல்லுவார். பறக்கும் தட்டு எழும்பியபோது கொட்டகை முழுதும் சீட்டி பறந்ததாம். எம் தந்தையாரும் நண்பர்களும் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்களாம். “நாங்கள் தினம் கூண்டில் ஏறிப் பூமிக்குள்ளே போய் வருகிறோம். அவர் மேலே போய் வந்தார். அவ்வளவுதானே!” என்பார்.

இதில் நகைச்சுவைக்கு மேலும் ஒரு பொருள் உண்டு. சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் சென்றது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் அஃதும் ஒன்று. அவ்வாழத்தில் பாறையே கொதிக்கும். அங்கே இறங்கியவர்கட்கு வேற்றுக் கிரகம் என்பது அயலான செய்தியன்று. அதுமட்டுமோ? அதே ஆண்டுகளில் டாடா ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் அச்சுரங்கத்தில் விண்ணிலிருந்து வரும் கதிர்களை ஆராய்ந்து கொண்டிருந்தனர். மேலேயுள்ள பாறை பிற கதிர்களையெல்லாம் தடுத்துவிடும். ஆகையால் நியூட்ரினோ என்னும் நுண்துகளைத் தேடுவதற்கு ஆழமே தக்க இடம். 1965இல், சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், இந்திய, ஜப்பானிய, ஆங்கில விஞ்ஞானிகள் சேர்ந்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் அடையாளத்தைக் கண்டனர். உலகில் அதனை முதன்முதல் கண்ட இடங்கள் இரண்டே. ஒன்று தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம். மற்றொன்று நம் தங்கவயல். விண்ணிலிருந்து வந்த விருந்தாளியை வரவேற்ற ஊர் நம்முடையது. அக்கருவிகள் இருந்த ஆழத்துக்குக் கூண்டில் இறங்கி ஏறியவர்கள் நம் பாட்டன்மாரும் தந்தைமாரும் ஆவர்.

சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. அதன் பின் நம் ஊரைத் திரைப்படத்தார் தேடி வரலாயினர். சயனைட் மலை என்று நாம் அழைக்கும் கழிவு மண் மேடுகள் அவர்கள் கண்ணுக்கு வேற்றுலகமாகத் தெரிகின்றன. 2018இல் வெளிவந்த ‘கே.ஜி.எப்.’ என்ற கன்னடப் படத்தால் ஊரின் பெயர் நாடெங்கும் பரவியது. 2024இல் ‘தங்கலான்’ என்ற தமிழ்ப்படம் நம் முன்னோர் தங்கம் தேடிய காலத்தைக் கதையாக்கியது. அதே 2024 பொங்கலுக்கு ‘அயலான்’ வந்து, வேற்றுக் கிரகத்தவரை மீண்டும் தமிழ்த் திரைக்கு அழைத்து வந்தது. அப்படத்தை நம் காலனிப் பிள்ளைகள் ஆரவாரத்துடன் பார்த்தனர். மகிழ்ச்சியே. ஆயின் அந்தப் பாதையில் முதலடி வைத்தவர்களை அறியாமல் கைதட்டுவது, கட்டியவர் பெயரறியாமல் வீட்டில் குடியிருப்பது போன்றது.

நாம் ரயில்வே குமாஸ்தா. மாரிகுப்பத்திலிருந்து பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூருக்கு விடியுமுன் புறப்பட்டு, இருட்டிய பின் திரும்பும் நம் காலனி மக்களுக்குச் சீசன் டிக்கெட்டு எழுதிக் கொடுப்பது எம் தொழில். மெட்ரிக் வரை படித்தவர் நாம்; ஆராய்ச்சியாளர் அல்லர். ஆயினும் வேலைக்கு விரையும் அம்முகங்களைத் தினந்தோறும் பார்க்கையில் ‘கலை அரசி’யின் கிரகம் நினைவுக்கு வருகின்றது. பிழைப்புக்கு வேண்டிய இயந்திரங்களெல்லாம் நம்மிடம் வந்துவிட்டன. கைக்குள்ளேயே உலகம் அடங்கிவிட்டது. பாடுவதற்கும், ஆடுவதற்கும், பெரியவர் ஒருவர் எழுந்து ஒன்று சொன்னால் பொறுமையுடன் கேட்பதற்கும் மட்டும் நேரமில்லை. அக்கிரகத்தார் பாட்டுக்காகப் பூமிக்கு ஆளனுப்பினார்கள். நாம் அவ்வளவு தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் லைன் வீடுகளின் திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியோரிடம் சென்றால் போதும். ஆனால் கேட்டுப் பெற வேண்டும். காலம் தாழ்த்தாமல் கேட்க வேண்டும்.

ஆகவே சங்கத்தின் நிர்வாகக் குழுவினர்க்கு இரண்டு வேண்டுகோள்கள். ஒன்று, ஆண்டுக்கொரு முறை சங்க மண்டபத்தில் பழைய தமிழ்ப்படம் ஒன்றைத் திரையிட்டு, அதனை வெளிவந்த நாளிலேயே பார்த்த பெரியவர் ஒருவரை அதுபற்றி முதலிற் பேசச் செய்ய வேண்டும். முதற்படம் ‘கலை அரசி’யாக இருத்தல் நலம். இரண்டு, சென்ற ஆண்டு வினா விடைப் போட்டியின் ஏட்டில் அந்த ஒரு விடையைத் திருத்தி எழுத வேண்டும். மதிப்பெண் பெற்ற மாணவரிடமிருந்து அதனைப் பறிக்க வேண்டியதில்லை. அவர் நல்ல பிள்ளை. தம் தலைமுறைக்குத் தெரிந்ததைச் சொன்னார். திருத்திய விடைக்கு எதிரே, பின்வரிசையிலிருந்து சொல்லப்பட்டது என்று மட்டும் குறித்து வைத்தால் போதும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!